வலது பின் மூலை

வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது என்றால் எல்லோரும் பெயிண்டைப் பற்றித்தான் பேசுவார்கள். டீச்சர் பேசமாட்டாள். "பெயிண்ட் அடிக்கறது அரை நாள் வேலை. அதுக்கு முன்னாடி மூணு நாள் தேய்க்கணும். தேய்க்கறதுலதான் எல்லாம் இருக்கு" என்று சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு, கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். இதற்கு முன் அவள் ஒரு வண்டிக்கும் பெயிண்ட் அடித்தது கிடையாது. அதனால் என்ன? பன்னிரண்டு வருஷத்தில் ஐந்நூறு பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அலறியவர்களையெல்லாம் மெயின் ரோட்டில் தனியாக ஓட்டவைத்தவள். பயம் என்று ஒன்று இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டை ஒட்டியே தகர ஷெட். அதற்குள் வயிறு திறந்த நாலு ஃபிரிட்ஜ், ஒரு காற்று கம்ப்ரஸர். ஷெட்டின் முன்னால் கூரையைத் தாங்கி நிற்கும் இரும்புத் தூண், பச்சைப் பெயிண்ட் அடித்தது. மெக்கானிக்குக்குக் கார் ஓட்டத் தெரியாது. இளவயதில் இரண்டு தடவை டெஸ்டில் தோற்று, மூன்றாவது தடவை போகவே இல்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளின் கணவர் சைக்கிளில் போகிறாரே என்று தெருவே சிரித்தாலும், "உடம்புக்கு நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டே போய்விடுவார்.

கார் புதிதல்ல. பன்னிரண்டு வருஷமும் டீச்சர் கற்றுக்கொடுத்த அதே வெள்ளைக் கார்தான். ஓட்டுகிறவர் பக்கம் மூன்று பெடல். பக்கத்து இருக்கையில் டீச்சர் காலடியில் ஒரு பிரேக். அந்த ஒற்றை பிரேக்கை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ மாடுகளையும் மனிதர்களையும் அவள் காப்பாற்றியிருக்கிறாள்.

முன்பு அது, அவள் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூல் முதலாளியின் வண்டி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை அவர் வண்டியைச் சுற்றி வந்தார். வலது பின் மூலையில் ஒரு பள்ளம். அதன் மேல் வேறு ஏதோ வெள்ளையை அடித்து மறைத்திருந்தது. ஞாயிறு முழுக்க வண்டி டீச்சர் வீட்டில்தான் நின்றது. வகுப்புக்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேர் எதிரிலும் முதலாளி சொன்னார்: "இடிச்சதுகூடப் பரவாயில்லை டீச்சர். மறைச்சீங்க பாருங்க, அதுதான் அசிங்கம்."

அவள் இடிக்கவில்லை. மறைக்கவும் இல்லை. சாவியை மேஜை மேல் எறிந்துவிட்டு அதே நிமிஷம் வெளியே வந்துவிட்டாள். முதலாளி அதோடு விடவில்லை. 'வாகனத்தை இடித்துவிட்டு மறைத்தவர்' என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதிப் போட்டார்.

பிறகு முதலாளி பழைய வண்டிகளைத் தள்ளிவிட்டபோது, தரகர் ஒருவரைப் பிடித்து அதே வண்டியை இவள் வாங்கினாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைக்க அனுமதி கேட்டு விண்ணப்பமும் போட்டாள். புதன்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வருகிறார். துரு இருக்கக் கூடாது, ஒரே நிறமாக இருக்க வேண்டும், பழைய ஸ்கூலின் பெயர் ஓர் எழுத்துகூடத் தெரியக் கூடாது. தவறினால் அடுத்த தேதி ஆறு மாதம் கழித்துத்தான். பட்டறையில் கேட்டால் ஒரு மாத வரிசை. அதனால்தான் இந்த வீட்டுப் பெயிண்ட். பழைய ஸ்கூலில் அவளிடம் கற்றுக்கொண்டிருந்த பதினோரு பேர் 'நீங்க ஆரம்பிங்க டீச்சர், நாங்க வேற எங்கேயும் போகமாட்டோம்' என்று காத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை இன்ஸ்பெக்டர் எடுத்து நீட்டினால் என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால், "நான் இடிக்கல. அவ்வளவுதான்" என்பாள்.

சனிக்கிழமை முழுக்கக் கழற்றல். விளக்குகள், நம்பர் பிளேட், கைப்பிடிகள், ஜன்னல் ஓரத்து ரப்பர். ஒவ்வொன்றின் திருகும் முட்டை அட்டையில் ஒவ்வொரு குழிக்குப் போனது. பக்கத்தில் பேனாவால் 'இடது விளக்கு', 'பின் கதவு' என்று எழுத்து. மெக்கானிக் ஒரு திருகைச் சட்டைப் பையில் போட்டதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, அது எங்கே போகுது?"

"இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணத்துலதான் நம்ம மிக்ஸிக்கு மூணு திருகு மிச்சம் இருக்கு. அட்டையில போடுங்க."

போட்டார்.

பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரால் வண்டியை இரண்டு முறை கழுவினாள். பழைய மெழுகு துளி இருந்தாலும் புதுப் பெயிண்ட் ஒட்டாது. கதவில் இருந்த முதலாளியின் ஸ்கூல் பெயரை ஹேர் டிரையரால் சூடு காட்டிக் காட்டி உரித்தாள். உரித்த பிறகும் எழுத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் படிக்கவே முடிந்தது. "இருடா உன்னை" என்று அந்தப் பெயரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். சாயங்காலம் கண்ணை மூடித் தடவியபோது கதவு வழவழவென்று இருந்தது. இத்தனை மாதத்தில் அவளுக்கு இவ்வளவு நிம்மதி கிடைத்ததில்லை.

ஞாயிறு அன்று பள்ளங்கள். டீச்சருக்கு ஒவ்வொரு பள்ளமும் ஆள் பெயரோடு தெரியும். முன் பம்பர், பல் டாக்டரம்மா. இடது கதவு, பேங்க் கேஷியர். பானெட்டில் இருந்த சொட்டைக்கு ஒரு கணக்கு வாத்தியார் பொறுப்பு. மரத்துக்கும் வண்டிக்கும் இடையே எத்தனை அடி என்று சொல்லிக்கொண்டே போய் மோதியவர். எல்லாவற்றையும் தேய்த்துப் பட்டி வைத்தாள். பட்டி என்பது பசை மாதிரி ஒன்று. அதில் கடலைப் பருப்பு அளவு இன்னொரு மருந்தைக் கலந்தால் அஞ்சு நிமிஷத்தில் கல்லாகிவிடும். மெக்கானிக் அவசரத்தில் கூடுதலாகக் கலந்துவிட்டு, தகட்டிலேயே இறுகிப்போனதைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"பரவாயில்லை, கடையில நிறைய இருக்கு. ஆனா பட்டி வைக்கற வேலை இனிமே என்னுது."

"சரி. நான் அந்த வலது பின் மூலையைப் பாத்துக்கறேன்."

அதை அவர் சொல்வது மூன்றாவது தடவை. சனிக்கிழமை காலையில் ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை. இப்போது பார்த்தால், அந்த மூலையை மட்டும் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு, செய்தித்தாளை வெட்டி, டேப் போட்டு மூடியும் வைத்திருக்கிறார். பெயிண்ட் படக்கூடாத இடத்தைத்தான் பேப்பர் போட்டு மூடுவார்கள். பெயிண்ட் அடிக்க வேண்டிய மூலையை எந்தப் பைத்தியக்காரன் மூடுவான்?

 டீச்சர் பன்னிரண்டு வருஷம் மூன்று கண்ணாடிகளைப் பார்த்தே பிழைத்தவள். அவர் தேநீர் போட உள்ளே போனதும் டேப்பை உரித்தாள். பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து அந்த மூலையை ஒரு துடை துடைத்தாள்.

வண்டியின் வெள்ளை அசையவில்லை. பள்ளத்தின் மேல் இருந்த வெள்ளை மட்டும் இளகிக் குழைந்து துணியோடு வந்தது. லேசாக நீலம் ஓடிய வெள்ளை. இது கார் வெள்ளை இல்லை. இந்த வெள்ளையை அவளுக்குத் தெரியும். சமையலறைக்கு ஃபிரிட்ஜை நகர்த்தியபோது நிலையில் உரசிய கீறலை, டப்பாவைக் குலுக்கி இதே வெள்ளையால்தான் அவர் மறைத்தார். தெருவில் பாதி வீட்டு ஃபிரிட்ஜ் கதவுகளில் இது இருக்கிறது.

இன்னொரு துடை. அந்த வெள்ளைக்குக் கீழே, பள்ளத்தின் அடியில், ஒரு விரல் நீளத்துக்குப் பச்சைக் கோடு.

அவளுக்குப் பொறி தட்டியது. எழுந்து ஷெட் தூணிடம் போனாள். தரையிலிருந்து சாண் போட்டு அளந்தாள். மூன்று சாண், நாலு விரல். வண்டியிலும் அளந்தாள். மூன்று சாண், நாலு விரல். தூணில் அதே உயரத்தில் பச்சை உதிர்ந்து இரும்பு தெரிந்தது. எட்டு மாதமாக அதைத் தாண்டித்தான் அவள் துணி காயப்போடப் போய்க்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் இரண்டு தம்ளரோடு வெளியே வந்தார். உரித்த பேப்பரையும், கையில் துணியோடு நிற்கும் மனைவியையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. தம்ளர்களைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார்.

"ஃபிரிட்ஜ் பெயிண்ட்" என்றாள் டீச்சர்.

"ம்."

"எப்போ?"

"அந்த ஞாயித்துக்கிழமை. உனக்குக் காய்ச்சல், படுத்துட்டிருந்தே. மறுநாள் காலையில நீ ரிவர்ஸ் எடுத்துக் கஷ்டப்பட வேண்டாமேன்னு, வண்டியைத் திருப்பி நிறுத்தி வைக்கலாம்னு பாத்தேன். பன்னெண்டு வருஷமா நீ ஓட்டறதைப் பாக்கறேன். பாத்தா சுலபமாத்தான் இருந்துச்சு."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். திங்கக்கிழமை சாவியை எறிஞ்சிட்டு வந்தே. வந்ததும் வராததுமா, 'இதைப் பண்ணினவன் யாரா இருந்தாலும் என் முகத்துல முழிக்கக் கூடாது'ன்னே. அப்புறம் நான் எப்படி முழிக்கறது?"

டீச்சருக்கு அப்போது ஞாபகம் வந்தது வேறொன்று. அன்று ராத்திரி இந்த ஆளின் தோளில் சாய்ந்து அவள் அழுதிருக்கிறாள். உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான் என்னை நம்பறீங்க என்று சொல்லியிருக்கிறாள்.

"என்னை நம்பறேன்னு சொன்னீங்களே!"

"நம்பாம? எனக்குத்தான் தெரியுமே நீ இடிக்கலன்னு!"

சிரிப்பதா, கையில் இருந்த துணியை அவர் மேல் எறிவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எறிந்தாள். தம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

"நெட்டையன்தான் பண்ணினான்னு ஊர் பூரா சொன்னேனே! அதையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

நெட்டையன் அதே ஸ்கூலில் இன்னொரு வாத்தியார். எல்லா வண்டிகளின் இரண்டாவது சாவியும் அவனிடம்தான் இருக்கும். ஞாயிறு ராத்திரி வண்டியை எடுத்து இடித்துவிட்டுத் திரும்ப வைத்திருப்பான் என்று டீச்சரே ஒரு கதை கட்டி, அதை நம்பி, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, பத்து வருஷ சிநேகத்தை முறித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "அதுதான் என்னை ரொம்ப அரிச்சது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ரொம்ப வலித்தது அவளுக்கு. முதலாளி சொன்னதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. இடித்துவிட்டு மறைத்தது நம் வீடுதான் என்றால், அந்த மனுஷன் பாதி சரியாகத்தானே சொல்லியிருக்கிறான்? அதை நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது. ஆனால் இடது கதவில் பட்டி காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் தேய்க்க வேண்டும். புதன்கிழமை யாருக்காகவும் காத்திருக்காது.

"இதை மூடிட்டு நான் மேல பெயிண்ட் அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அடியில இருக்கற இது இளகி, மேல இருக்கறது பால் ஏடு மாதிரி சுருங்கியிருக்கும். இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாடி."

"தெரியும். அதுக்குத்தான் பேப்பர் போட்டேன். நீ மத்த வேலையெல்லாம் முடிச்சதும், நானே ஒரு தடவை சுரண்டிடலாம்னு..."

"பூசி மெழுகினது போதும். இப்பவே சுரண்டுங்க. இரும்பு தெரியற வரைக்கும். கையால."

அவர் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். முதலில் தின்னர், பிறகு முரட்டு உப்புத்தாள், பிறகு நைஸ். இவள் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். நடுவில் வண்டி.  உப்புத்தாள் சத்தம் மட்டும். தகரம் வெள்ளியாகப் பளபளத்தபோது அவர் கூப்பிட்டார். டீச்சர் வந்து கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். பொடி இல்லை, விளிம்பு இல்லை. மனுஷன் வேலை என்று உட்கார்ந்தால் சுத்தமாகத்தான் செய்வார். அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. பட்டியை அவளே வைத்தாள்.

அன்று சாயங்காலமே நெட்டையனுக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "நான் உங்க மேல சொன்னது தப்பு. இடிச்சது எங்க வீட்டுக்காரர். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். மன்னிச்சுக்கங்க."  "சரி டீச்சர்" என்று அவன் போனை வைத்துவிட்டான். அவ்வளவுதான். அவளுக்கு அது கம்மியாகத்தான் பட்டது. ஆனால் அதற்கு மேல் கேட்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

திங்கட்கிழமை பெயிண்டுக்கு அடிப்பூச்சாகச் சாம்பல் நிற பிரைமர். அது காய்ந்ததும் மேலே கருப்பைத் தூவல் தூவலாக அடித்துத் தேய்த்தாள். கருப்பு தங்கிய இடத்தில் பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். வலது பின் மூலையில் ஒரு பொட்டுக் கருப்பு தங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காற்று எழும்புவதற்குள், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, மெக்கானிக் கம்ப்ரஸரில் தேங்கிய நீரை வடித்துக் கொடுக்க, டீச்சர் பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடித்தாள். மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை. எதிரே வருகிறவன் நூறு அடி தள்ளியே சுதாரித்துக்கொள்ளும் மஞ்சள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கை ஒரே சீராகப் போனது. முதல் தடவை அடிக்கிறவள் என்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அவரோடு அவள் அந்த மூன்று நாளும் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசவில்லை. அவரும் சாக்குச் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

"என்கிட்ட ஓட்டக் கத்துக்கணும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"ஐந்நூறு பேருக்குச் சொல்லிக் குடுத்தே. ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டியா?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

 

புதன்கிழமை ஒன்பதரைக்கே பதினோரு பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தெரு முனையில் ஓர் உயரமான உருவம் வந்து சுவரோரம் நின்றது. நெட்டையன். கிட்டே வரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இன்ஸ்பெக்டர் சின்ன உருவம், பெரிய கண்ணாடி. விளக்கைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். டீச்சர் காலடியிலிருந்த பிரேக்கை அவரே மிதித்துப் பார்த்தார். பிறகு வண்டியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றினார். டங், டங், டங். வலது பின் மூலையில் 'தொப்' என்றது. நின்றார்.

"பெயிண்ட் பிரமாதம். எந்தப் பட்டறை?"

"வீட்லயே அடிச்சோம் சார்."

"ஓஹோ." கோப்பைத் திறந்தார். "இங்கே பட்டி இருக்கு. பட்டி தப்பில்லை. ஆனா இந்த மூலையைப் பத்தி ஒரு கடிதம் இருக்கு. நீங்க இடிச்சு மறைச்சதா எழுதியிருக்கார். கத்துக்குடுக்கறவங்க அப்படிச் செஞ்சா நான் கையெழுத்துப் போட முடியாது. என்ன சொல்றீங்க?"

"நான் இடிக்கல சார். மறைக்கல."

"சரி, அப்போ யாரு?"

எட்டு மாதமாக அவள் தயாராக வைத்திருந்த பதில் முதல் கேள்வியோடு தீர்ந்துபோயிற்று. இரண்டாவது கேள்விக்கு அவளுக்கு விடை தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. தன்னை அன்று எல்லோர் எதிரிலும் நிற்கவைத்தார்களே, அதே மாதிரி இந்த மனுஷனை நிற்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஸ்கூல் கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினோரு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நான்தான் சார்."

ஷெட்டுக்குள்ளிருந்து மெக்கானிக் வந்தார். ஒரு கையில் ஃபிரிட்ஜ் பெயிண்ட் டப்பா. தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி, சுவரோரம் நிற்கிறவனைப் பார்த்தே சொன்னார்: "எனக்கு ஓட்டத் தெரியாது. இவளுக்குத் தெரியாம எடுத்தேன். இந்தத் தூண்ல இடிச்சேன். இந்த டப்பாவாலதான் மறைச்சேன். இவளும் பண்ணல, அந்தத் தம்பியும் பண்ணல. எட்டு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தது நான்."

இன்ஸ்பெக்டர் தூணைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்தார். "லைசென்ஸ் இல்லாம ரோட்டுக்குப் போனீங்களா?"

"இல்லை சார். ரோடு வரைக்கும் போகத் தெரிஞ்சிருந்தா தூண்ல ஏன் இடிக்கறேன்?"

கூட்டத்தில் நின்ற பல் டாக்டரம்மாதான் முதலில் சிரித்தாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. டப்பாவை நீட்டச் சொல்லி, மெக்கானிக் சொன்னதை அந்தக் கடிதத்தின் கீழேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு தன் கையெழுத்தைப் போட்டு டீச்சரிடம் அனுமதிச் சீட்டைக் கொடுத்தார். "இவருக்கு முதல்ல சொல்லிக்குடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நெட்டையன் கிட்டே வந்தான். வண்டியின் மூலையைத் தடவினான். "பட்டி நல்லா வந்திருக்கு டீச்சர்" என்றான்.  டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளிப்படையாகவே அழுதாள்.

மறுநாள் காலை ஆறு மணி. புது ஸ்கூலின் முதல் வகுப்பு. மெக்கானிக் ஓட்டுகிறவர் இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீச்சர், கால் தன் பிரேக்கின் மேல்.

"ரிவர்ஸ். கண்ணாடியைப் பாருங்க. என்ன தெரியுது?"

"தூண் தெரியுது."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரிஞ்சுது. நான் மிதிச்சதுதான் பிரேக் இல்லை."

"இன்னிக்கு எது பிரேக்?"

அவர் சரியான பெடலைத் தொட்டுக் காட்டினார். வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பச்சைத் தூண் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. டீச்சர் தன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள். ஒரு முழம் இருக்கும்போது அவரே மிதித்தார், வண்டி நின்றது.